வில்லும் சுமையும்: இழுவைப்பெட்டிக்கு வில் பொருத்துதல் பற்றிச் சில குறிப்புகள்

வில் என்ற சொல் தமிழிலே போர்க்கருவியை மட்டும் குறிப்பதன்று. வளைந்து அதிர்ச்சியை ஏற்று, மீண்டும் தன் நிலைக்கு வரும் உருக்குத் தகட்டையும் அது குறிக்கும். வில்வண்டி என்ற வழக்கு இப்பொருளிலேயே தோன்றியது. எனினும் எல்லா வண்டிகளுக்கும் வில் கிடைத்ததில்லை என்பது மனங்கொளத்தக்கது. ஆட்கள் பயணஞ்செய்யும் வண்டிக்கே அது பொருத்தப்பட்டது. சுமை வண்டியின் அச்சு சட்டத்தோடு நேரே பிணைக்கப்பட்டது. ஆகவே வில் ஒரு சமூக எல்லைக்கோடாகவும் விளங்கிற்று. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரிலே அய்யன்காளி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவீதியில் வில்வண்டியேறிச் சென்றமை அக்கோட்டை நேரடியாக மீறிய செயலாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினா வேறொரு வடிவில் இன்றும் எழுகின்றது. இருசில்லு உழவு இயந்திரத்தின் பின்னே கொளுவப்படும் இழுவை வண்டியைக் கமக்காரர் ‘பெட்டி’ என்றே வழங்குவர். வெங்காயம், புகையிலை, எரு, கல், மணல் ஆகியவற்றைச் சுமக்கவென அமைந்த இப்பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வில் இல்லை. இயந்திரம் மெதுவாகவே செல்லும் என்பதும், வில்லின்றிச் செய்வது மலிவு என்பதும் இதற்கான காரணங்கள். காற்றடைத்த ரயர் ஒன்றே அதிர்ச்சியைச் சிறிது தணிக்கும். ஆனால் நடைமுறையிலே பெட்டி பொருளை மட்டும் சுமப்பதில்லை. தோட்டத்துக்குச் செல்லும் கூலித் தொழிலாளர் அதிலேயே ஏறுகின்றனர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, முதியோரும் நோயாளரும் இத்தகைய பெட்டிகளிலும் ஏற்றிச் செல்லப்பட்டனர். சுமைக்கென அமைந்த பெட்டி மனிதரைச் சுமக்கும்போது வில்லின்மையின் பொருள் மாறிவிடுகின்றது.

இனி, பெட்டியின் அடிச்சட்டத்தில் வில் பொருத்தும் முறையை நோக்குவோம். பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய தகட்டுவில்லே இதற்குப் பெரிதும் பயன்படுவது. நீளம் குறைந்துசெல்லும் பல தகடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு நடுவே ஒரு போல்ற்றினால் கோக்கப்பட்டிருக்கும். மிக நீண்ட தகட்டின் இரு முனைகளும் ‘கண்’களாகச் சுருட்டப்பட்டிருக்கும். சுமை ஏறும்போது வளைவு நிமிர்கின்றது. தகடுகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. அவ்வுராய்வே துள்ளலையும் ஓரளவு அடக்குகின்றது.

வளைவு நிமிரும்போது இரு கண்களுக்கும் இடையிலான தூரம் கூடும். இவ்வுண்மையிலேயே பொருத்தும் முறை முழுவதும் தங்கியுள்ளது. முன்கண், சட்டத்தோடு அசையாது நிற்கும் தாங்கியில் கோக்கப்படும். இழுவிசையை அச்சுக்குக் கடத்துவது அதுவே. பின்கண்ணோ முன்னும் பின்னும் ஊசலாடும் இணைப்புத் தகட்டில் தொங்கவேண்டும். இரு முனைகளையும் இறுகப் பிணைத்தால் வில் நீள இடமின்றிப் போகும். தாங்கியோ தகடோ முறியும். தாங்கிகளைச் சட்டத்தின் பிரதான நெடுஞ்சட்டங்களின் கீழ், குறுக்குச்சட்டம் வலுவூட்டும் இடத்தில் உருக்கி ஒட்டுதல் நன்று. வில்லின்மீது மட்டும் ஒட்டுவேலை ஒருபோதும் ஆகாது. வெப்பம் பட்டால் உருக்கின் பதம் கெடும் என்பதைக் கொல்லர் நன்கறிவர். அதனாலேயே அச்சோடு வில்லைப் பிணைக்க வளைந்த ‘யூ’ போல்ற்றுகள் பயன்படுகின்றன. நடுப்போல்ற்றின் தலை அச்சின் இருக்கையிலுள்ள துளையில் அமர்ந்தால் அச்சு வழுவாது.

கொளுவியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்குமுள்ள தூரம் சமமாயிருத்தல் வேண்டும். இல்லையேல் பெட்டி பக்கவாட்டில் சரிந்தே இழுபடும். ரயரும் விரைவில் தேயும். சுமையின் ஒரு சிறுபகுதி கொளுவியின்மீது தங்குமாறு அச்சின் இடத்தைத் தெரிதலும், வில் முழுதாக நிமிர்ந்தாலும் அச்சு சட்டத்திலோ ரயர் பெட்டியிலோ முட்டாதவாறு இடைவெளி விடுதலும் இன்றியமையாதவை. முதற்சுமை ஏற்றி ஓடியபின் ‘யூ’ போல்ற்றுகளை மீண்டும் இறுக்கவேண்டும்.

ஆயினும் எந்த வில் என்பதே முதன்மையான வினா. பத்துப் பேரின் எடை ஏறத்தாழ 600 கிலோகிராம். பல தொன் சுமைக்கென வடிக்கப்பட்ட லொறிவில் அவ்வெடைக்குச் சிறிதளவே வளையும். பெட்டியில் வில் இருக்கும். இருப்பவருக்கு அதன் பயன் இராது. தகடுகளைக் குறைத்தால் மனிதருக்கு மென்மை கிட்டும். கல்லேற்றினால் வில் தாங்காது. ஆகவே வில்லைத் தெரியும்போதே பெட்டி எவருக்காக, எதற்காக என்ற முடிவும் எடுக்கப்படுகின்றது. அச்சுக்குமேல் வில்லை வைப்பதால் பெட்டி உயர்ந்து, திருப்பங்களில் சரியும் அபாயம் கூடுவதையும் மறத்தலாகாது. வில் பொருத்தியமையால் பெட்டி பேருந்தாகிவிடாது. தொழிலாளரின் பாதுகாப்பான பயணம் என்ற கோரிக்கையைப் பட்டறை ஒன்றினால் மட்டும் நிறைவேற்றிவிட முடியாது.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் தொகுதியின் அடிக்குறிப்பொன்றில், தொழில்நுட்பத்தின் விமரிசன வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்று மார்க்ஸ் குறைப்பட்டார். கண்டுபிடிப்புகள் தனியொருவரின் ஆக்கமாக அமைவது எத்துணை அரிது என்பதை அத்தகைய வரலாறு காட்டும் என்பது அவர் கருத்து. எமது பட்டறைகளுக்கும் இது பொருந்தும். எவ்வில் எத்துணைச் சுமை தாங்கும் என்பதைத் தகட்டின் தடிப்பையும் வளைவையும் நோக்கியே மதிப்பிடும் அறிவு, கைகளின் வழியே கைமாறி வந்த கூட்டறிவாகும். அது எம் ஏடுகளில் இடம்பெறாமைக்கு அதன் தாழ்வு காரணமன்று; உழைப்பையும் அறிவையும் பிரித்து நோக்கிய எமது கல்விமரபே காரணம். பெட்டியில் ஏறுபவரைச் சுமையென்று கருதுவதும், பெட்டியைச் செய்பவரை அறிவற்றவரென்று கருதுவதும் ஒரே நோக்கின் இரு பக்கங்கள் என்பதே இக்கட்டுரையின் முடிபாகும்.