அற்புதம் என்னும் சொல்

அன்றாடப் பேச்சிலே 'அற்புதம்' என்னும் சொல்லை நாம் எத்தனை முறை வழங்குகின்றோம்! உதைபந்தாட்டத்தில் ஒருவன் தொலைவிலிருந்து பந்தை இலக்கினுட் செலுத்தினால் அற்புதம். விருந்திலே பாயசம் இனித்தால் அதுவும் அற்புதம். இங்ஙனம் தேய்ந்த காசு போலாகிவிட்ட இச்சொல்லின் பொருளைச் சிறிது ஆராய்வாம்.

வடமொழியில் 'அத்புதம்' என நின்ற சொல்லே தமிழில் அற்புதம் ஆயிற்று. வியப்பு என்பதே அதன் பொருள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வியப்பினை 'மருட்கை' எனக் கூறி, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன் என்றனர். ஆக்கமாவது ஒன்று பிறிதொன்றாய்த் திரிந்து வளர்தல். ஆகவே, சிறு வித்து ஆலமரமாதலும் வியத்தற்குரியதே. இயற்கைக்கு மாறானதே வியப்பிற்குரியது என்னும் வரையறை ஆண்டு இல்லை.

சமயத்துறையிலோ, இறையருளால் நிகழும் அருஞ்செயலை இச்சொல் குறிக்கும். திருஞானசம்பந்தர் மயிலையிற் பூம்பாவையை உயிர்ப்பித்தமையைப் பெரியபுராணம் கூறும். இத்தகைய செயலைக் கத்தோலிக்கர் 'புதுமை' என்பர். எனினும், காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி அருஞ்செயல்களின் பட்டியலன்று. இறைவனை நினைந்து வியக்கும் உள்ளத்தின் வெளிப்பாடேயாம்.

காரணம் தெரிந்தவிடத்து அற்புதம் ஒழியுமோ? 1922ஆம் ஆண்டு சனவரியில், கனடாவிலுள்ள ரொறன்ரோ நகரில், நீரிழிவால் நலிந்து கிடந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஏற்றினர். முதன்முறை எதிர்பார்த்த பயன் விளையவில்லை. மருந்தைத் தூய்மைசெய்து சில நாட்களின் பின் மீண்டும் ஏற்றியபோது அவன் தேறினான்; பின்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதன் காரணத்தை இன்று மாணாக்கரும் அறிவர். அறிந்ததனால் வியப்புக் குறையவில்லை; தோல்வியிலும் தளராதார் முயற்சியை எண்ணுந்தோறும் அது மிகுகின்றது.

ஆனால், நோயாளி பிழைத்தது அற்புதம் என்று கூறி, இரவெல்லாம் விழித்திருந்த தாதியை மறப்போமாயின், அச்சொல் நன்றியின்மைக்குத் திரையாகிவிடும். நம் கல்லூரியின் வளர்ச்சியையும் இவ்விழாக் காலத்தில் அற்புதம் என்று பலர் புகழக் கேட்கின்றோம். புகழ்க, அதனோடு, குறைந்த வேதனத்திற்கு நிறைந்த பணி செய்த ஆசிரியரையும், தம் வறுமையிலும் பொருளுதவிய பெற்றோரையும் நினைக்க. அவர்தம் உழைப்பை அறிந்து வியத்தலே, அற்புதம் என்னும் சொல்லுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.