88 கி.மீ. ஓடி 3 விநாடியில் வெற்றியைத் தவறவிட்டவரைத் தெரியுமா?

மாரத்தான் 42.195 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அதையும் தாண்டி ஓடினால் அல்ட்ரா மாரத்தான். 90 கி.மீ., 160 கி.மீ., ஏன், நான்கைந்து நாள் சரியாகத் தூங்காமல்கூட ஓடுகிறார்கள்! அதைவிட வியப்பு, இந்த ஓட்டத்தின் உச்சியில் இருப்பவர்களின் பயிற்சி முறை. ஒருவர் செய்வதற்கு நேர்மாறாக இன்னொருவர் செய்கிறார். இருவருமே ஜெயிக்கிறார்கள்!

நூறாண்டு கடந்த பந்தயத்தில் 3 விநாடிதான் வித்தியாசம்!

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் 1921இல் தொடங்கியது. முதல் உலகப் போரில் மடிந்த தோழர்களின் நினைவாக விக் கிளாப்ஹாம் என்ற முன்னாள் படைவீரர் தொடங்கிவைத்தார். 2023இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை சுமார் 88 கி.மீ. ஓடி, 5 மணி 13 நிமிடம் 58 விநாடியில் புதிய சாதனையோடு ஜெயித்தார் டெட்டே டிஜானா. ஒரு காலத்தில் பாதுகாவலராக வேலை பார்த்தவர் அவர்! அவருக்குப் பின்னால் 3 விநாடியில் வந்து சேர்ந்தார் நெதர்லாந்தின் பீட் வியர்ஸ்மா. விட்டாரா? 2024இல் வியர்ஸ்மாவே சாம்பியன்! 2025இல் மீண்டும் டிஜானா முதலிடம், வியர்ஸ்மா இரண்டாமிடம். இந்த முறை இடைவெளி 5 விநாடி!

அதிகம் ஓடியவரும் ஜெயித்தார், அளந்து ஓடியவரும் ஜெயித்தார்!

இதே காம்ரேட்ஸில் 1920களின் நாயகன் ஆர்தர் நியூட்டன். விவசாயி. நிலம் தொடர்பாக அரசோடு இருந்த மனக்குறையை நாடறியச் செய்யவே, 40 வயதை நெருங்கும்போது ஓட வந்தவர். நிதானமான வேகம், ஆனால் நாள்தோறும் மலைக்க வைக்கும் தூரம். இதுதான் அவர் பாணி. ஐந்து முறை வென்றார்!

1980களில் கோலோச்சிய புரூஸ் ஃபோர்டைஸ் இதற்கு எதிர்த்துருவம். பயிற்சி மிகுந்து உடல் களைப்பதைவிட, கொஞ்சம் குறைந்தாலும் புத்துணர்ச்சியோடு பந்தயத்துக்கு வருவதே மேல் என்பது அவர் கொள்கை. முதல் பாதியில் மற்றவர்களை முன்னே விட்டுவிடுவார். பிற்பாதியில் ஒவ்வொருவராகப் பிடிப்பார். எத்தனை முறை வென்றார் தெரியுமா? ஒன்பது முறை!

ஜெயிப்பதற்காக நாட்டையே மாற்றிய வீரர்!

அமெரிக்காவின் ஜிம் வாம்ஸ்லி, அரிசோனாவில் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் பயிற்சி செய்தவர். வாரத்துக்கு 200 கி.மீ.க்கும் மேல் ஓடித் தள்ளுவார். 2016இல் கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 161 கி.மீ. ஓட்டத்தில் சாதனை வேகத்தில் பறந்துகொண்டிருந்தவர், சுமார் 150ஆவது கிலோமீட்டரில் வழிதவறிப் போனார்! கிடைத்தது 20ஆவது இடம். 2017இல் பாதியிலேயே விலகினார். 2018இல் சாதனையோடு வென்றார். 2019இல் அதையும் முறியடித்து 14 மணி 9 நிமிடம் 28 விநாடி!

ஆனால் ஐரோப்பாவின் மகுடமான யூ.டி.எம்.பி. ஓட்டம் மட்டும் கைக்கு எட்டவில்லை. மோன்ட் பிளாங்க் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகளில் சுமார் 170 கி.மீ. ஓட வேண்டும். மொத்த ஏற்றம் மட்டும் 10,000 மீட்டர்! சமதள வேகம் அங்கே செல்லாது. வாம்ஸ்லி என்ன செய்தார்? மனைவியோடு பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைக் கிராமத்துக்கே குடிபெயர்ந்தார். அவரை அந்தப் பக்கம் அழைத்தவர் யார் தெரியுமா? அதே பந்தயத்தை நான்கு முறை வென்ற பிரெஞ்சு வீரர் ஃபிரான்சுவா டென்! எதிராளியே தன் மலையைக் காட்டிக்கொடுத்த அதிசயம்! குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பலகையில் மலையேறக் கற்றார் வாம்ஸ்லி. 2023இல் 19 மணி 37 நிமிடத்தில் வென்று, அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் அமெரிக்க ஆண் ஆனார்!

குளிர்காலத்தில் ஓட்டத்துக்கு விடுமுறை விடும் மன்னன்!

டென் நான்கு முறை வென்ற அந்தப் பந்தயத்தை அவரைப் போலவே நான்கு முறை வென்ற இன்னொருவர், ஸ்பெயின் நாட்டின் கிலியன் ஜோர்னெட். பிரனீஸ் மலையில் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், தந்தை பராமரித்த மலை விடுதியில் வளர்ந்தவர். பனி விழத் தொடங்கினால் ஓட்டத்தைக் குறைத்துவிட்டு, பனிச்சறுக்கு மலையேற்றத்தில் மூழ்கிவிடுவார். 2017இல் அமெரிக்காவின் ஹார்ட்ராக் ஓட்டத்தில் தோள்பட்டை விலகியபோது, கிலியன் தானே அதைச் சரிசெய்து, கையைத் துணியால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஓடி வென்றார்! அதற்கு முந்தைய ஆண்டு அதே ஓட்டத்தில், சக போட்டியாளர் ஜேசன் ஷ்லார்போடு சேர்ந்தே எல்லையைத் தொட்டு வெற்றியைப் பகிர்ந்துகொண்டார்!

பயிற்சியாளரும் இல்லை, அட்டவணையும் இல்லை!

அமெரிக்காவின் கோர்ட்னி டவால்டர் முன்னாள் அறிவியல் ஆசிரியை. எவ்வளவு ஓடுவது என்பதை அன்றன்றைக்கு உடல் சொல்வதைக் கேட்டே முடிவு செய்துவந்தார். 2017இல் மோவாப் 240 மைல் ஓட்டத்தில் ஆண்கள் உட்பட எல்லோரையும் வென்றார். இரண்டாவதாக வந்த ஆணுக்கும் இவருக்கும் இடைவெளி சுமார் 10 மணி நேரம்! 2023இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யூ.டி.எம்.பி. மூன்றையும் ஒரே கோடையில் வென்றார். அதுவரை யாரும் செய்யாதது! ஆனால் சாதனைக்கு ஓய்வு ஏது? யூ.டி.எம்.பி.யில் 2021இல் அவர் படைத்திருந்த பெண்கள் சாதனையை, 2024இல் சக அமெரிக்கர் கேட்டி ஷைடி 21 நிமிடம் முந்தி முறியடித்தார்!

கவிஞரின் சாதனையைத் தகர்த்த சூதாட்டவிடுதி ஊழியர்!

24 மணி நேரத்தில் 303.506 கி.மீ. கிரேக்கத்தின் யியானிஸ் கூரோஸ் 1997இல் படைத்த இந்தச் சாதனை 24 ஆண்டுகள் அசையவில்லை. அவர் பாடகர், கவிஞரும்கூட. அதை 2021இல் தகர்த்தார் லிதுவேனியாவின் அலெக்சாண்டர் சொரோகின். இளமையில் துடுப்புப் படகு வீரர், பின்னர் சூதாட்டவிடுதி ஊழியர். உடல் எடையைக் குறைக்கவே 2013இல் ஓடத் தொடங்கினார்! 2022இல் 319.614 கி.மீ. வரை போனார். அதாவது ஒரு நாள் முழுக்க, ஒரு கிலோமீட்டருக்கு நாலரை நிமிடம்!

பிள்ளைக்குப் பாலும் எடுத்து, பந்தயத்தையும் வென்ற தாய்!

ஜாஸ்மின் பாரிஸ், எடின்பரோவில் பணியாற்றும் கால்நடை மருத்துவர். பிரிட்டனில் 2019இல் நடந்த சுமார் 430 கி.மீ. ஸ்பைன் ரேஸில், ஓய்விடங்களில் தன் குழந்தைக்காகத் தாய்ப்பாலை எடுத்துக்கொண்டே ஓடினார். 83 மணி 12 நிமிடத்தில் ஆண்கள் எல்லோரையும் முந்தி வென்றார்! 2024இல் 60 மணி நேரக் கெடு முடிய வெறும் 99 விநாடி இருக்கையில், அமெரிக்காவின் பார்க்லி ஓட்டத்தை முடித்த முதல் பெண் ஆனார்!

எதிராளி நின்றால் நீங்களும் நிற்க வேண்டும்!

பேக்யார்ட் அல்ட்ராவின் விதி எளிது. ஒவ்வொரு மணி நேரமும் 6.706 கி.மீ. சுற்று. கடைசி ஒருவர் மிஞ்சும்வரை ஓட்டம் நிற்காது. இரண்டாமவர் விலகிய பிறகு வெற்றியாளர் இன்னும் ஒரு சுற்றுதான் ஓடலாம். ஆக, பெரிய சாதனைக்குப் பெரிய எதிராளி வேண்டும்! 2025இல் ஆஸ்திரேலியாவின் ஃபில் கோர் 119 சுற்று, ஏறக்குறைய 798 கி.மீ. ஓடினார். அதற்கு வழி செய்தவர் 118 சுற்று உடன் ஓடிய நியூசிலாந்தின் சாம் ஹார்வி! 2022இல் பெல்ஜியத்தின் மெரைன் கீர்ட்ஸும் ஐவோ ஸ்டேயார்ட்டும் 101 சுற்றோடு சேர்ந்தே நின்றுவிட்டார்கள். விதிப்படி வெற்றியாளரே இல்லை!

இத்தனை பேரில் ஒருவர் பயிற்சிகூட மற்றவருடையதைப் போல இல்லை. ஆனால் பலருடைய சாதனைக்குப் பின்னால் விடாமல் துரத்திய ஒரு போட்டியாளர் இருக்கிறார். ஓட ஆசைப்படும் நண்பர்களே, வாம்ஸ்லியின் 200 கிலோமீட்டரை அப்படியே நகல் எடுக்காதீர்கள். உங்கள் உடலுக்கும் வேலைக்கும் ஒத்துவரும் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். உங்களைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடுபவர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைவிட நல்ல பயிற்சியாளர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்!