குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றனவா? முதலில் தரையைப் பாருங்கள்!

கோழிக்குஞ்சுகள் பண்ணைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. சில குஞ்சுகள் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தீவனம் எடுக்காமல் ஓரமாகத் தூங்கி விழும். ‘சளி பிடித்துவிட்டது’ என்று ஆன்டிபயாடிக் மருந்தைத் தண்ணீரில் கலந்து வைப்பார்கள். அப்படியும் சாவு நிற்காது. காரணம், இது பூஞ்சையால் வரும் நோயாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

கால்நடை மருத்துவர்கள் இதை ‘புரூடர் நிமோனியா’ என்கிறார்கள். ‘அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ்’ என்ற பூஞ்சைதான் முக்கியக் காரணம். தரையில் பரப்பிய உமி, கடலைத்தோல், மரத்தூள் ஈரமானால் அதில் பூஞ்சை வளரும். காய்ந்ததும் அதன் வித்துகள் தூசியோடு பறக்கும். அதைச் சுவாசிக்கும் குஞ்சின் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் மஞ்சள் கலந்த வெள்ளை முடிச்சுகள் உண்டாகும். முதல் 3 வாரக் குஞ்சுகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இது ஒரு குஞ்சிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதில்லை. எல்லாக் குஞ்சுகளும் ஒரே தூசியைச் சுவாசிப்பதால்தான் கூட்டமாகப் பாதிக்கப்படுகின்றன. மூச்சுத்திணறல் வேறு நோய்களிலும் வரும் என்பதால், இறந்த குஞ்சைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பரிசோதித்து உறுதி செய்யுங்கள். நோய் வந்த குஞ்சுகளைக் குணப்படுத்துவது கடினம். எனவே, வருமுன் காப்பதே வழி.

* பூசண வாடை இல்லாத, நன்றாகக் காய்ந்த உமியையே பரப்புங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம்.

* தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் அள்ளிவிட்டு, காய்ந்த உமி போடுங்கள்.

* தீவன மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல் மரப்பலகை மீது அடுக்குங்கள். கட்டிதட்டிய தீவனத்தைக் கொடுக்கவே கூடாது.

* முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அதற்காகப் படுதாவை முழுதாக மூடிவிடாதீர்கள். காற்று வந்துபோக இடம் வேண்டும்.

* நீங்களே குஞ்சு பொரிப்பவர் என்றால், கீறல் விழுந்த முட்டை, அழுக்கு முட்டைகளை அடை வைக்காதீர்கள். இன்குபேட்டரை ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கம் செய்யுங்கள்.

* பூசணம் பிடித்த உமியை அள்ளும்போது முகக்கவசம் அணியுங்கள். அந்தத் தூசி மனிதர்களின் நுரையீரலையும் பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உமி சீக்கிரம் ஈரமாகிவிடும். அடுத்த குஞ்சுகளை இறக்குவதற்கு முன், கூரை ஒழுகலைச் சரிசெய்து, காய்ந்த உமியைச் சேர்த்து வைத்துவிடுங்கள்.