நாற்பதாமவர் நீங்களாக இருக்கலாம்

 

யுத்த காலத்தில் வவுனியா எல்லை நகரமாக இருந்தது. ஏ-9 வீதியில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தால் புலிகளின் கட்டுப்பாட்டு வன்னி. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளின் பள்ளிவாசல்கள் தொழுவோரின்றித் தனித்தன. வெளியேறியோரில் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். 2009இல் யுத்தம் முடிந்தபின் ஒரு பகுதியினரே மீண்டனர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். கிளிநொச்சியில் ஒருவரிலும் குறைவு.

இங்கே இரு கேள்விகள் எழுகின்றன.

முதலாவது: தொழுவோரற்ற பள்ளி, பள்ளியாகவே இருக்குமா? ஆம். பள்ளிக்கென வக்பு செய்யப்பட்ட இடம், கட்டடம் இடிந்தாலும் பள்ளியே என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். அதனை விற்கவோ வாரிசாகப் பெறவோ இயலாது. வெறுந்தரையிலும் தொழலாம் அல்லவா? ஆகவே காடு மூடிக் கிடந்த ஆண்டுகளிலும் அவை பள்ளிகளாகவே இருந்தன.

இரண்டாவது: சிறு தொகையினர் ஜும்ஆ நடத்தலாமா? இடம் நிலைத்துவிட்டது, ஆட்கள்தாம் வேண்டும். நம் மத்ஹபின் பிரதான கருத்துப்படி, பருவமடைந்த நாற்பது ஆண்கள் வேண்டும். அவர்கள் மாரியிலும் கோடையிலும் தேவையின்றி ஊரை விட்டுப் பெயராத நிலையான குடிகளாக இருத்தல் அவசியம். புத்தளத்தில் குடியிருந்து, வயல் பார்க்க வன்னிக்கு வந்து திரும்புபவர் இக்கணக்கில் சேரார். ஹனபி மத்ஹபிலோ இமாமைத் தவிர மூவர் போதும். எனவே தொகை குறைந்த மஹல்லாக்கள் தாமாக முடிவெடுக்காது உலமாக்களை அணுகுவதே முறை.

புத்தளத்தில் வாழ்வது குற்றமன்று. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் படிப்பையும் தொழிலையும் விட்டுத் திரும்புதல் எளிதுமன்று. ஆனால் திரும்பிவிட்டவர்களின் பொறுப்பு பெரிது. பெருநகரப் பள்ளியில் ஒருவர் வராதது எவருக்கும் தெரியாது. நாற்பதே பேருள்ள ஊரில், குத்பா நேரத்தில் சந்தியில் கதைத்து நிற்கும் ஒரே ஓர் இளைஞனால் முழு ஊரின் ஜும்ஆவும் தடைப்படலாம்.

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்யுமுன்பே, மதீனாவில் அஸ்அத் இப்னு ஸுராரா (ரழி) முஸ்லிம்களை ஒன்றுதிரட்டி ஜும்ஆ நடத்தினார்கள். அன்று கூடியோர் நாற்பது பேர். பிற்காலத்தில் பார்வை இழந்திருந்த கஅப் இப்னு மாலிக் (ரழி), ஜும்ஆ பாங்கு கேட்கும்போதெல்லாம் அஸ்அதுக்காக துஆச் செய்வார்கள். கைபிடித்து அழைத்துச் செல்லும் மகன் காரணம் கேட்க, அந்த முதல் ஜும்ஆவின் வரலாற்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மகன் வழியாகவே அச்செய்தி நம்மை வந்தடைந்தது.

பெற்றோர்களே, நீங்களும் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையின் கையைப் பிடித்துச் செல்லுங்கள்; இந்தப் பள்ளி வெறிச்சோடியிருந்த கதையையும் மீண்டும் பாங்கொலித்த கதையையும் வழியிலே சொல்லுங்கள். இளைஞர்களே, ஸஃப்பில் உங்களுக்கென ஓர் இடம் காத்திருக்கிறது. அதை நிரப்பும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.