ஒரு மொழியும் இரு கரையும்

மக்களை ஒன்றுபடுத்துவனவற்றுள் மொழியே தலைசிறந்தது என்பர். அது மெய்யே. ஆயினும், மொழி ஒன்றாயிருத்தலாலே வாழ்க்கையும் ஒன்றாயிருக்கும் என்று கொள்ளுதல் பொருந்தாது. முற்றிலும் வேற்றுமொழி வழங்கும் நாட்டிற் குடிபுகுவோன் ஒவ்வொரு சொல்லையும் ஐயுற்றே கேட்கின்றான். ஆதலின் அவன் எளிதில் ஏமாறுவதில்லை. தன் மொழியே வழங்கும் பிறநாட்டிற் குடிபுகுவோனோ, எல்லாம் அறிந்தவன்போலச் சென்று, தான் நன்கறிந்த சொல்லிலேயே இடறுகின்றான். இதனை விளக்குதற்கு, உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றனை முதற்கண் சுருங்கக் கூறி, பின்னர்ச் சிதம்பரத்தையும் பிச்சாவரத்தையும் சார்ந்த எடுத்துக்காட்டு ஒன்றனை விரித்துரைக்கப் புகுகின்றேன்.

அமெரிக்க நாட்டு இளங்கணவனும் மனைவியும் ஒரு சிறு குழந்தையுடன் தொழில் நிமித்தம் இங்கிலாந்திற் குடியேறினர் என்று வைத்துக்கொள்வோம். முதலாம் மாடியில் வீடு என்று கேட்டு, படி ஏறவேண்டுவதில்லை என மகிழ்ந்து செல்கின்றனர். அமெரிக்கர் தரைத்தளத்தையே முதல் மாடி என எண்ணுவர். ஆங்கிலேயரோ அதற்கு மேலுள்ளதனையே அப்பெயரால் வழங்குவர். ஆகவே மூட்டைகளைச் சுமந்து மேலே ஏறவேண்டியதாகின்றது. உணவு விடுதியிற் 'சிப்ஸ்' கேட்டால், மெல்லிய உருளைக்கிழங்குச் சீவலுக்கு மாறாகச் சுடச்சுடப் பொரித்த தடித்த துண்டங்கள் வருகின்றன. சீவலுக்கு அங்கே 'கிரிஸ்ப்ஸ்' என்று பெயர். 'பாண்ட்ஸ்' என்னுஞ் சொல் அமெரிக்காவில் முழுக்காற்சட்டையையும் இங்கிலாந்தில் உள்ளாடையையும் குறித்தலின், அதனை அறியாது கூறினோர் நாணுதற்கு இடமாகின்றது.

அடுக்களையிலும் இவ்வாறே. அமெரிக்க இல்லாள் மாவையும் சர்க்கரையையும் கிண்ணத்தால் அளப்பாள். ஆங்கிலச் சமையல் நூல்களோ நிறுத்து இடச் சொல்லும். அமெரிக்க மின்னோட்டம் 120 வோல்ட்டும் இங்கிலாந்து மின்னோட்டம் 230 வோல்ட்டும் ஆதலின், ஊரிலிருந்து கொணர்ந்த மின்கருவிகளுட் பல வாளா கிடக்கும். நவம்பர்த் திங்கள் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்கர்க்கு நன்றிகூறும் பெருநாள். இங்கிலாந்திலோ அது வெறும் வேலைநாள். தந்தை பணிக்குச் சென்று மீண்ட பின்னரே மூவருமாகப் பண்டிகை கொண்டாடுதல் வேண்டும். ஓராண்டு கழிந்ததும் குழந்தை பள்ளியினின்று வந்து, 'மாம்' என்று அழைத்த அன்னையை 'மம்' என்று அழைக்கின்றது. எழுத்தளவில் இது சிறு மாற்றமே. தாயின் உள்ளத்திற்கோ அது சிறிதன்று.

நிற்க. அமெரிக்க இளங்குடும்பங்கள் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் வாழ்ந்த வரலாறு தமிழ் மண்ணிலும் உண்டு. 1816ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மிஷன் தொண்டர்கள் யாழ்ப்பாணத்திற் குடும்பத்தோடு வந்து தங்கினர். மருத்துவர் ஜான் ஸ்கடர் தம் மனைவியுடன் பண்டத்தரிப்பில் வாழ்ந்து மருத்துவப்பணி ஆற்றினார். 1823இல் அம்மிஷனார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி நிறுவினர். அங்குக் கற்றவருள் ஒருவரே சி. வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய அவர், பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்தில் வாழ்ந்து, ஏட்டுச் சுவடியிற் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இற் சிதம்பரத்திலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர், மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1931இல் அங்குத் தமிழ்ப் பேராசிரியராய் வந்து அமர்ந்தார். இங்ஙனம் ஈழத்தமிழர்க்குச் சிதம்பரம் புதிய ஊரன்று. ஆயினும், அறிஞர் வந்து நூல் பதிப்பித்தல் வேறு. இளங்குடும்பம் ஒன்று வந்து அடுப்பு மூட்டி வாழ்தல் வேறு. முன்னதனை வரலாற்று நூல்கள் கூறும். பின்னதனைக் கூறுவார் அரியர்.

யாழ்ப்பாணத்து இளந்தம்பதியர் ஒரு குழந்தையுடன் சிதம்பரத்து வீதி ஒன்றிற் குடியமர்ந்தனராக. மனைவி மளிகைக் கடைக்குச் சென்று சர்க்கரை கேட்கின்றாள். கடைக்காரர் வெள்ளைச் சீனியை நிறுத்துக் கொடுக்கின்றார். யாழ்ப்பாணத்திற் சர்க்கரை என்பது பொங்கலுக்கு இடும் வெல்லத்தையே குறிக்கும், வெள்ளையாயிருப்பது சீனி. அடுத்து மரக்கறி எங்கே கிடைக்கும் என வினவுகின்றாள். காய்கறியையே அவள் கேட்கின்றாள் என்பது கடைக்காரர்க்கு உடனே புலப்படுவதில்லை. 'இன்று என்ன கறி?' என்று அவள் அண்டை வீட்டாரை அன்போடு கேட்பின், வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் இப்படிக் கேட்கின்றாளே என அவர் திகைப்பர். நம் பக்கத்தில் கறி எனிற் பெரும்பாலும் இறைச்சியே. அவள் ஊரிற் கத்தரிக்காயிற் சமைத்ததும் கறியே. ரொட்டி என்றால் நாம் அடுமனையில் வாங்கும் பொருளை நினைப்போம். அவளுக்கு அது தோசைக்கல்லிற் சுடுவது. அடுமனைப் பொருளை அவள் பாண் என்பாள்.

கணவன் வாய்மொழியும் இத்தகையதே. வீட்டுத் தலைவரிடம் 'திறப்பு' வேண்டும் என்கின்றான்; அவர் திறப்புவிழா எதனையோ எண்ணுகின்றார். அவன் வேண்டியது சாவி. அவன் நாற்காலியைக் 'கதிரை' என்பான்; அடுக்களையைக் 'குசினி' என்பான்; அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பான்; ஆம் என்பதற்கு 'ஓம்' என்பான்; அழகு என்பதற்கு 'வடிவு' என்பான். 'மாலையில் வந்து கதைக்கிறேன்' என்று கூறினால், கதை சொல்லப் போகின்றான் எனப் பிறர் நகைப்பர். பேசுதல் என்னும் பொருளிலேயே அச்சொல் அங்கு வழங்குகின்றது. பிறகு என்பதற்கு அவன் கூறும் 'பேந்து' என்பது பெயர்ந்து என்னும் சொல்லின் மரூஉ என்பர். மகளுக்குப் பள்ளியிற் 'சோதனை' என்று அவன் சொன்னால், அது தேர்வு. அதிகாரிகள் வந்து வீட்டைத் துருவிய செய்தியன்று.

இச்சொற்களைக் கேட்டு நகைப்பவர் சற்று நின்று ஆராய்தல் நன்று. போர்த்துகேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் 1658இல் அவரை வென்றனர். ஆங்கிலேயர் 1795இற் புகுந்தனர். கதிரை, குசினி, பாண் என்பன முதல்வர் மொழியினின்று வந்தவை. கந்தோர் இரண்டாமவர் மொழியினின்று வந்தது. அங்ஙனமாயின் நம் தமிழ் கலப்பற்றதோ? பிச்சாவரத்திற்கு அணித்தே வெள்ளாற்று முகத்தில் உள்ள பரங்கிப்பேட்டை தன் பெயராலேயே பரங்கியர் வரவைச் சான்று பகர்கின்றது. நாம் நாள்தோறும் இடுப்பிற் செருகும் சாவியும் போர்த்துகேயச் சொல்லே; சன்னலும் அத்தகையதே. நாம் இழந்த தூய தமிழ்ச் சொல்லாகிய திறப்பு அவர் நாவில் வாழ்கின்றது. அவர் கைவிட்ட நாற்காலி நம் நாவில் வாழ்கின்றது. ஆகவே இருவர் இல்லத்தையும் சேர்த்துப் பார்த்தாலன்றித் தமிழின் முழுச் செல்வம் புலப்படாது.

உணவினைச் சிறிது நோக்குவோம். காலையில் நம் இல்லங்களில் இட்டிலி வேகும்போது, அவ்வில்லத்திற் புட்டு அவிகின்றது. இடியப்பத்திற்குத் தேங்காய்ப்பாலிட்ட சொதியும் சம்பலும் துணை. மிளகாயையும் பிற சரக்குகளையும் வறுத்து இடித்த தூள் அவர்தம் கறிகட்கெல்லாம் உயிர்; அதனை ஊரிலிருந்து வருவோர் பொட்டலமாகக் கட்டிக் கொணர்வர். பனங்கிழங்கை உலர்த்திய ஒடியலை மாவாக்கி, மீனும் நண்டும் இறாலும் சேர்த்துக் காய்ச்சும் கூழ், குடும்பத்தார் பலர் கூடிக் குடித்தற்குரியது. மூவர் மட்டுமே உள்ள வீட்டில் அதனைக் காய்ச்சினால், உணவைக் காட்டிலும் தனிமையே மிகுதியாய்ப் புலப்படும். அந்நாளில் அண்டை வீட்டார் ஒரு கிண்ணம் பெற்றுச் சுவைத்து, மறுநாள் அக்கிண்ணத்தைச் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் நிறைத்துத் திருப்புவாராயின், அன்றுதான் அக்குடும்பம் சிதம்பரத்திற் குடியேறியதாகக் கருதல் வேண்டும்.

நிலமும் அவர்க்குப் புதிதே. யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. கிணற்று நீரை இறைத்தே வெங்காயமும் புகையிலையும் வளர்ப்பர். சிதம்பரமோ காவிரிப் பாசனத்தின் கடைக்கோடி. வீராணம் ஏரியும் கொள்ளிடத்து வாய்க்கால்களும் வயலை நிறைப்பன. மழைக்காலத்து வெள்ளத்தில் வாசல்வரை நீர் வந்து நிற்பதனைக் கண்டு அவர் அஞ்சுவர். ஆனால் விடுமுறை நாளிற் பிச்சாவரம் சென்று படகேறினால், அவர் முகம் மலர்கின்றது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உப்புநீர்க் கால்வாய்கள் பின்னிக் கிடக்க, ஊன்றுவேர்கள் வளைந்து நீருள் இறங்கும் அக்காடு, அவர் ஊர்க் கடற்கரைக் காட்டையே ஒப்பது. படகோட்டி சுரபுன்னை என்கின்றார். அவர் கண்டல் என்கின்றனர். கண்டல் என்னுஞ் சொல் சங்க நூல்களின் நெய்தற் பகுதியிற் பயின்று வருவதனை நாம் வகுப்பறையிற் கற்கின்றோம். அவர்களோ அதனை வீட்டிற் கற்றவர்கள். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் தந்த மரமும் இக்காட்டில் இன்றும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இரு கரையையும் ஒருங்கே தாக்கிற்று என்பதனை அப்படகில் இருந்தோர் எவரும் ஒருவர்க்கொருவர் விளக்க வேண்டுவதில்லை.

இதுகாறும் கூறியது தாமே விரும்பி வந்த குடும்பத்தின் நிலை. விரும்பாது வந்தோரும் உளர். 1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலங்கையில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னர், பல்லாயிரவர் படகேறித் தமிழகக் கரை சேர்ந்தனர். அவர்க்கென மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் அமைந்தன; கடலூர் மாவட்டத்திலும் அத்தகையன உள. 2021இல் தமிழ்நாட்டரசு அவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது. அம்முகாம்களிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராயினர். அவர்கள் வீட்டினுள் 'கதைப்பர்', தெருவிற் 'பேசுவர்'. பாட்டியிடம் 'ஓம்' என்பர். கடைக்காரரிடம் 'ஆமாம்' என்பர். ஒரே மொழியில் இரு நாவுடைய அப்பிள்ளைகளைச் சொல்லைக் கொண்டு எவரும் அயலவர் எனப் பிரித்தறிதல் அரிது.

சட்டமோ பிரித்தறிகின்றது. 1987ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து, தாய் தந்தையர் இருவரும் குடியுரிமையற்றவராயின், இந்திய மண்ணிற் பிறந்த குழந்தைக்குப் பிறப்பினால் குடியுரிமை கிட்டுவதில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்னும் மூன்று நாடுகளையே சுட்டியது. இலங்கை அதனுள் அடங்கவில்லை. ஆதலின், நம்மோடு ஒரே பள்ளியிற் படித்து ஒரே தமிழில் தேர்வெழுதிய இளைஞன் பதினெட்டாம் அகவையில் வாக்களிக்க இயலாது நிற்கின்றான். இங்கிலாந்தில் வாழும் அமெரிக்கக் குடும்பத்திற்குச் சொல் இடறினும் கால் இடறுவதில்லை, தாய்நாட்டுக் கடவுச்சீட்டு அவர்தம் பெட்டியில் இருக்கின்றது, வேண்டும்போது மீளலாம். இவர்கட்கோ சொல் இடறுவதில்லை. நிற்கும் நிலமே உறுதியற்றதாயிருக்கின்றது. மொழியொருமை மட்டும் ஒருவர்க்கு இல்லம் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சட்டத்தைத் திருத்துதல் மாணவராகிய நம் கையில் இல்லை. சொல்லை மதித்தல் நம் கையில் உள்ளது. வின்சுலோ என்னும் அமெரிக்கர் 1862இற் சென்னையில் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. யாழ்ப்பாணத்தில் அயலவர் தொடங்கி ஈழத்தறிஞர் துணையால் வளர்ந்த பணி அது. அயல்நாட்டார் செவிசாய்த்துக் கேட்டுக் குறித்த சொற்களை, நாம் கேட்டு நகைத்தல் தகுமோ? தமிழ் பயிலும் நம்மனோர், ஈழத்திலிருந்து வந்த தோழர் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, அவர் வழங்கும் அடுக்களைச் சொல்லையும் கடற்சொல்லையும் உழவுச் சொல்லையும் குறித்துவைத்தல் வேண்டும். இன்று முகாம்களிற் பிறக்கும் குழந்தைகள் தெருவின் தமிழையே மேற்கொள்கின்றனர். முதியோரோடு அச்சொற்களும் மறைந்துபோம். 'வந்திருந்து கதையுங்கோ' என்று அவ்வில்லத்தார் நம்மை அழைப்பின், 'ஓம்' என்று விடை கூறி உட்செல்வோமாக.