மதிப்பீட்டு வரி ஆட்சேபமும் அறிவிப்பின் நாள்கணக்கும்

தீபகற்ப மலேசியாவில் வீடு, கடை, நிலம் முதலியவற்றின் மீது ஊராட்சி மன்றங்கள் விதிக்கும் மதிப்பீட்டு வரி, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் (சட்டம் 171) வழி அமைவதாகும். இவ்வரியை எதிர்த்து முறையிடும் உரிமை உடைமையாளருக்கு உண்டு என்பதைப் பலரும் அறிவர். அவ்வுரிமை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதை அறிந்தவர் சிலரே. இக்கட்டுரை அதனை விளக்க முற்படுகிறது.

பெரும்பாலான மாநிலங்களில் வரியின் அடிப்படை 'ஆண்டு மதிப்பு' ஆகும். ஓர் உடைமையை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாகக் கிடைக்கக்கூடிய தொகையே அது. மாதம் 1,000 ரிங்கிட் வாடகை பெறத்தக்க வீட்டின் ஆண்டு மதிப்பு 12,000 ரிங்கிட். வரி விகிதம் 4 விழுக்காடு எனில் செலுத்த வேண்டியது 480 ரிங்கிட். மதிப்பு வேறு, விகிதம் வேறு. ஆட்சேபம் முதலாவதைப் பற்றியதே.

புதிய மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை தயாரிக்கப்பட வேண்டும் எனச் சட்டம் கூறினும், மாநில அரசு அக்காலத்தை நீட்டிக்கலாம். பட்டியல் தயாரானதும் 141ஆம் பிரிவின்படி பொது அறிவிப்பு வெளியிடப்படுகிறது. பட்டியலைப் பார்வையிடும் இடத்தையும், அது மறுபரிசீலனை செய்யப்படும் நாளையும் மக்கள் இவ்வறிவிப்பின் வழியே அறிகின்றனர். அந்நாள் அறிவிப்பிலிருந்து 42 நாள்களுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். 142ஆம் பிரிவோ, எழுத்து வடிவிலான ஆட்சேபம் அந்நாளுக்கு 14 நாள்களுக்கு முன்னரே சென்று சேர வேண்டும் என்கிறது. ஆகவே, குறைந்தபட்சக் காலம் மட்டுமே வழங்கப்படுமாயின், 42 நாள் என்பது நடைமுறையில் 28 நாளாகச் சுருங்கிவிடுகிறது.

இங்குக் கருதத்தக்க ஒரு வேறுபாடு உண்டு. முதன்முறையாகப் பட்டியலில் சேர்க்கப்படும் உடைமைக்கும் மதிப்பு உயர்த்தப்படும் உடைமைக்குமே தனி அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். தம் அண்டை உடைமை குறைவாக மதிப்பிடப்பட்டுள்ளது என்றோ, விடுபட்டுள்ளது என்றோ முறையிடவும் சட்டம் இடமளிக்கிறது. அத்தகையோர் பொது அறிவிப்பை மட்டுமே நம்பியிருக்க நேர்கிறது.

ஆட்சேபித்தவர் நேரிலோ, அதிகாரம் பெற்ற முகவர் வழியாகவோ விசாரணையில் பேசலாம். அங்கு 'வரி கட்ட இயலவில்லை' என்பது காரணமாகாது. அதே பகுதியில் ஒத்த வீடுகளின் வாடகையைக் காட்டுவதே பயன் தரும். முடிவில் நிறைவு கொள்ளாதவர் 145ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் அவ்வாயில் முறைப்படி ஆட்சேபித்தவருக்கே திறந்துள்ளது. அறிவிப்பைத் தவறவிட்டவர் விசாரணையை மட்டுமன்றி மேல்முறையீட்டையும் சேர்த்தே இழக்கிறார்.

கோலாலம்பூர் 2013ஆம் ஆண்டில் இதனைக் கண்டது. 1992ஆம் ஆண்டுக்குப் பின் முதன்முறையாக மறுமதிப்பீடு செய்த மாநகர் மன்றம், நவம்பரில் அறிவிப்புகளை அனுப்பி, டிசம்பர் 17ஆம் நாளை ஆட்சேபத்தின் இறுதி நாளாக வைத்தது. இருபதாண்டு இடைவெளியின் சுமை ஒரே கடிதத்தில் வந்திறங்கியதால் எதிர்ப்பு பெருகியது. பின்னர்க் குடியிருப்புகளுக்கான விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குறைந்தது விகிதமே, தனி ஒருவரின் வீட்டு மதிப்பு மிகையா என்னும் வினாவுக்கு ஆட்சேப விசாரணையே உரிய இடமாக இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் ஒரு வீட்டில் கூடுதல் அறை கட்டப்பட்டாலும் 144ஆம் பிரிவின்படி பட்டியல் திருத்தப்படலாம். அப்போது அறிவிப்புக் காலம் 30 நாள். ஆட்சேபம் குறிக்கப்பட்ட நாளுக்கு 10 நாள்களுக்கு முன்னர்ச் சேர வேண்டும். மறைந்த தந்தையார் பெயரிலேயே வரிக்கணக்கு நீடிக்கும் குடும்பங்களில் அக்கடிதம் பழைய முகவரிக்கே சென்று கிடக்க நேரும்.