ஸ்பேனர் வழுக்கினால் நிறுத்தச் சொல்லுங்கள்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறினாலும், ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறினாலும், ஜவ்வாது மலையில் பல வீடுகளுக்குக் கையும் காலும் பைக்தான். சாமை மூட்டை சந்தைக்குப் போவதும், காய்ச்சல் கண்ட பிள்ளை ஆஸ்பத்திரிக்கு இறங்குவதும் அதில்தான். அந்த வண்டியை ஆயில் மாற்ற விட்டுவிட்டு மாலையில் போனால், "போல்ட் ரவுண்டாயிடுச்சுங்க, இன்ஜின் கேஸையே மாத்தணும்" என்று பதில் வருகிறது. பெரும்பாலோர் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ரவுண்டாக்கியது யார்?

போல்ட்டின் தலை தானாக மழுங்குவதில்லை. 14 மில்லிமீட்டர் தலையில் 9/16 இன்ச் ஸ்பேனரைப் போட்டால் பார்வைக்குப் பொருந்திவிடும். அதன் வாயோ 14.29 மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும். அழுத்தம் பட்டைகளில் பரவாமல் முனைகளில் மட்டும் விழுந்து அவற்றைச் சீவிவிடும். வாய் அகன்றுபோன பழைய ஓப்பன் ஸ்பேனர், ஸ்க்ரூ ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. 12 முனை ரிங் ஸ்பேனரைவிட ஆறு முனை சாக்கெட் பட்டையை நன்றாகக் கவ்வும்.

எல்லாப் பழியையும் மெக்கானிக் மேல் போடுவதும் நியாயமில்லை. மழையிலும் சேற்றிலும் பல ஆண்டு ஓடிய வண்டியில் எஃகு போல்ட் அலுமினிய கேஸோடு அரித்துப் பிடித்துக்கொள்ளும். முந்தைய கடையில் யாரோ அளவுக்கு மீறி முறுக்கியும் இருக்கலாம். அப்படியென்றால் கை வைக்கும் முன்பே, "இது இறுகிக் கிடக்குது, உடையலாம்" என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாமல் முறுக்கி, மழுங்கிய பிறகு காரணம் தேடுவதைத்தான் ஏற்க முடியாது.

முதல் முறை வழுக்கியதுமே கையை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது முறையும் அதே ஸ்பேனரைப் போட்டால் இருக்கிற பட்டையும் போய்விடும். தலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து, அவசரமில்லையென்றால் ஓர் இரவு விட்டுவிடுங்கள். பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் மட்டும் அது படவே கூடாது. பிறகு சரியான அளவு ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கித் திருப்பினால் பல போல்ட்கள் வந்துவிடும். பட்டை போயிருந்தால் ஒரு சைஸ் சின்ன சாக்கெட்டை அடித்து ஏற்றலாம், வைஸ் கிரிப்பால் கவ்வலாம். அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால் போல்ட்டைச் சுற்றியுள்ள கேஸைச் சூடாக்கினால் பிடி தளரும். ஆனால் பெட்ரோல் டேங்கும் டியூபும் பக்கத்திலேயே இருக்கின்றன. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்த இடத்தில் தீ காட்டினால் நச்சுவாயு கிளம்பும். நெருப்பை எடுக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

மழுங்கிய தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்புவது நல்ல வழி. ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலும் எரிபொருளை அளந்து விடுவது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. பேட்டரி வயரையும் அந்தப் பெட்டியின் வயர் கனெக்டரையும் கழற்றாமல் வெல்டிங் வைத்தால், சின்ன போல்ட்டுக்காகப் பெரிய செலவு வரும். போல்ட்டில் துளை போட்டு, அதைக் கவ்வி வெளியே எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை இறக்கும்போதும் கவனம் தேவை. அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. அந்த நிலையில் லேத்துக்குக் கொண்டுபோவதே மேல். இத்தனையும் தாண்டி மரை போயிருந்தாலும்கூட, புதிதாக மரை வெட்டி ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் போட முடியும். கேஸ் மாற்றுவது கடைசி வழி. அதை முதல் வழியாகச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

டிரெயின் போல்ட் கசிந்தால் ஆயில் போகும். பிரேக் காலிப்பர் போல்ட்டோ சக்கர ஆக்ஸில் நட்டோ தளர்ந்தால் மலை வளைவில் உயிர் போகும். இந்த இடங்களில் மழுங்கியதைத் திரும்பப் போட விடாதீர்கள். தலையில் வலிமையைக் குறிக்கும் 8.8 போன்ற எண் பொறித்த போல்ட்டை எடுத்துவிட்டு, எண் இல்லாத ஏதோ ஒன்றை மாட்டவும் விடாதீர்கள். ஆபத்தான குறை இருப்பது தெரிந்தே வண்டியை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றம். அந்தப் பொறுப்பு ஓட்டுகிற உங்கள் தலையில்தான் விழும்.

காசு வாங்கி வேலை செய்கிற தெருவோர மெக்கானிக் கடைக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பொருந்தும். கவனக்குறைவால் வந்த சேதம் சேவைக் குறைபாடு. பில் தராமல் இருப்பது நேர்மையற்ற வணிகமுறை. துளை, வெல்டிங், கேஸ் மாற்றம் எதுவானாலும் உங்களைக் கேட்டபின் செய்யும்படி வண்டியை விடும்போதே சொல்லி எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீரவில்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகவும் அனுப்பலாம்.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவுப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அவர்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கும். அதற்கான எண் 15100. வழக்கு என்று போனால் பில்லும் போட்டோவும் பேசும், கழற்றிய போல்ட்டும் பேசும். தேய்ந்த முனையைப் பார்த்தாலே ஸ்பேனர் எப்படி வழுக்கியது என்று விவரம் தெரிந்தவர் சொல்லக்கூடும். ஆகவே அந்த மழுங்கிய போல்ட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.